எல்85ஏ1: நல்ல பிஸ்டன் அமைப்பு இருந்தும் தடுமாறிய ரைபிள்

ரைபிள்களின் நம்பகத்தன்மையை ஒப்பிடும் எழுத்துகளில் பெரும்பாலானவை வாயுவைப் பயன்படுத்தும் முறையைத்தான் முதலில் எடுத்துக்கொள்கின்றன. நீள்வீச்சுப் பிஸ்டன் என்றால் ஏகே போல எதையும் தாங்கும், குறுவீச்சுப் பிஸ்டன் என்றால் சுத்தமாகவும் சீராகவும் இயங்கும், தனிப் பிஸ்டன் இல்லாத எம்16 வகை என்றால் கரி படிந்து திணறும் என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, எந்த ரைபிள் எந்த வகையில் சேர்கிறது என்று பார்த்துத் தீர்ப்பும் எழுதிவிடுகின்றன. இந்தப் பகுப்பு பொய்யல்ல. ஆனால் இதை மட்டும் அளவுகோலாகக் கொண்டு, 1985 இல் பிரிட்டன் தன் இராணுவத்துக்கு வழங்கிய எல்85ஏ1 ரைபிளை மதிப்பிட்டிருந்தால், அது உலகின் நம்பகமான ரைபிள்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அதன் குறுவீச்சுப் பிஸ்டன் அமைப்பு, அதற்கு முன்பும் பின்பும் பல நாடுகளின் ரைபிள்களில் நன்றாகவே உழைத்த ஒன்று. நடந்தது வேறு. 1991 வளைகுடாப் போருக்குப் பின் அந்த ரைபிளின் பெயர் நாடாளுமன்றத்தில் அடிபட்டது. 1997 இல் நேட்டோ தன் நியமித்த ஆயுதங்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. 2000 இல் ஒரு ஜெர்மானிய நிறுவனத்திடம் 92 மில்லியன் பவுண்டுக்கு அதைச் சீர்படுத்தும் வேலை ஒப்படைக்கப்பட்டது.

எனவே பிஸ்டன் ரைபிள்களை ஒப்பிட விரும்புவோருக்கு வெற்றி பெற்ற ஆயுதங்களைவிட இந்த ஆயுதமே அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து. ஒரே இயங்குமுறை ஓரிடத்தில் வென்று இன்னோரிடத்தில் தோற்றால், தோல்விக்கான காரணத்தை அந்த இயங்குமுறைக்கு வெளியேதான் தேட வேண்டும்.

இயங்குமுறையும் அதன் ஆற்றல் கணக்கும்

தோட்டா வெடித்ததும் குழலுக்குள் உருவாகும் உயரழுத்த வாயுவில் ஒரு சிறு பகுதி, குழலின் மேற்புறத் துளை வழியே வெளியேறி ஒரு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நீள்வீச்சு அமைப்பில் அந்தப் பிஸ்டன், குழலின் பின்வாயை அடைக்கும் போல்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் கேரியரோடு ஒரே உறுப்பாகப் பிணைந்திருப்பதால், கேரியர் பின்னால் செல்லும் முழுத் தூரமும் பிஸ்டனும் கூடவே செல்லும். ஏகே ரைபிளின் அமைப்பு இதுதான். குறுவீச்சு அமைப்பில் பிஸ்டன் தனி உறுப்பு. அது மிகச் சிறிது தூரம் மட்டும் நகர்ந்து கேரியரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் பட்டுக் காய் பறப்பதைப் போல, மீதித் தூரத்தைக் கேரியர் தன் உந்தத்தாலேயே கடக்க வேண்டும். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய ஃபால் ரைபிளும், அதிலிருந்து பிறந்த பிரிட்டனின் எஸ்.எல்.ஆர்., இந்தியாவின் 1ஏ1 ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டிலும் கேரியர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. போல்டின் பூட்டைத் திறப்பது, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை அது அமர்ந்திருக்கும் அறையிலிருந்து பிடுங்குவது, அதை வெளியே எறிவது, சுடும் ஊசியை அடிக்கும் சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவது, மீள்ஸ்பிரிங்கை அழுத்துவது என அனைத்தும் ஆரம்பத்தில் கிடைத்த அந்த ஒரு தள்ளலிலிருந்தே நடந்தாக வேண்டும். திரும்பி வரும் வழியில் தோட்டாப் பெட்டியான மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவி, அறைக்குள் செலுத்தி, மீண்டும் பூட்டுவது ஸ்பிரிங்கின் பொறுப்பு. மணலும் கரியும் உறைந்த எண்ணெயும் இந்த ஆற்றலில் ஒரு பங்கை உராய்வாகத் தின்றுவிடும். ஆகவே நம்பகமான ரைபிள் என்பது, அந்த இழப்புக்குப் பிறகும் வேலையை முடிக்கப் போதுமான ஆற்றலைக் கையிருப்பில் வைத்திருக்கும் ரைபிள்.

இந்தக் கையிருப்பை வாயுத் துளையைப் பெரிதாக்கி எளிதில் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அறையில் அழுத்தம் முழுதாகத் தணியும் முன்பே போல்ட் திறக்கும். சுவரோடு ஒட்டியிருக்கும் கூட்டை எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கி வலிந்து இழுப்பதால் கூட்டின் விளிம்பு கிழியும், அல்லது எக்ஸ்ட்ராக்டரே உடையும். கேரியரின் வேகம் கூடும்போது மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்துவதற்குள் போல்ட் அதைக் கடந்து சென்றுவிடும். வேகமாக முன்னால் வந்து மோதும் கேரியர் சற்றே பின்னுக்குத் துள்ளும். அந்த நொடியில் சுத்தி விழுந்தால் ஊசிக்கு முழு அடி கிடைக்காது. இங்கே முடிவு செய்பவை கேரியரின் எடை, பூட்டுத் திறக்கும் முன் அது நகரும் வெற்றுத் தூரம், ஸ்பிரிங்குகளின் வலு, மேகசினின் தரம், தோட்டாவில் உள்ள வெடிமருந்தின் தன்மை ஆகியவற்றுக்கு இடையிலான பொருத்தமே. பிஸ்டன் நீள்வீச்சா குறுவீச்சா என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே.

என்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்த வடிவம்

எல்85 இன் உள்ளுறுப்புகளுக்கு மூலம் அமெரிக்காவின் ஆர்மலைட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஏஆர்-18. குறுவீச்சுப் பிஸ்டன், சுழலும் போல்ட், வழிகாட்டித் தண்டுகள் மீது ஓடும் கேரியர், அழுத்தி வடிவமைத்த எஃகுத் தகட்டாலான உடல் என்பதே அதன் அடையாளம். இயந்திரத் தொழில் பெரிதாக வளராத நாடுகளும் மலிவாகச் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் அது வடிவமைக்கப்பட்டது. எந்தப் பெரிய இராணுவமும் அதை அப்படியே தன் பொது ஆயுதமாக ஏற்கவில்லை. எனினும் அதன் உள்ளமைப்பின் சாயலைச் சிங்கப்பூரின் எஸ்ஏஆர்-80, ஜப்பானின் ஹோவா டைப் 89, ஜெர்மனியின் ஜி36 என ஒன்றன்பின் ஒன்றாகப் பல ரைபிள்களில் காணலாம். விற்பனையில் தோற்ற ஆயுதம் ஒன்று வடிவமைப்பில் இவ்வளவு பெரிய வாரிசுக் கூட்டத்தை விட்டுச்சென்றது துப்பாக்கி வரலாற்றில் அபூர்வம்.

பிரிட்டனில் ஸ்டெர்லிங் நிறுவனம் ஏஆர்-18 ஐ உரிமம் பெற்றுத் தயாரித்துவந்தது. இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை, விசைக்குப் பின்னால் மேகசினும் போல்டும் அமையும் புல்பப் வடிவத்தில் ஒரு புதிய ரைபிளை உருவாக்க முனைந்தபோது, இதே இயங்குமுறையைத் தேர்ந்தது. 1976 இல் வெளியான முதல் மாதிரி 4.85 மி.மீ. தோட்டாவுக்கானது. அடுத்து நடந்த நேட்டோ சோதனைகளின் முடிவில் 1980 இல் பெல்ஜியத்தின் 5.56×45 மி.மீ. தோட்டா பொதுத் தரமாக ஏற்கப்பட்டதால், ரைபிளும் அதற்கேற்ப மாற்றப்பட்டது.

காகிதத்தில் பார்த்தால் திட்டம் அருமையானது. 1143 மி.மீ. நீளமுள்ள எஸ்.எல்.ஆருக்குப் பதிலாக 785 மி.மீ. நீளமே உள்ள ஓர் ஆயுதம். அதற்குள்ளேயே 518 மி.மீ. நீளக் குழல், நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சூசாட் குறிநோக்கி. கவச வாகனத்திலிருந்து இறங்கிச் சண்டையிட வேண்டிய படைவீரருக்கு இது பெரிய வசதி. குறி தவறாமையில் எல்85 மீது அதன் கடும் எதிரிகள்கூடக் குற்றம் சொன்னதில்லை.

ஆனால் புல்பப் வடிவம் இலவசமாகக் கிடைப்பதல்ல. கேரியர் பின்னால் ஓடுவதற்கான இடம் தோள்பட்டைத் தகட்டோடு முடிந்துவிடுகிறது. விசைக்கும் சுத்திக்கும் நடுவே நீண்ட இணைப்புத் தண்டு வேண்டியிருக்கிறது. வெற்றுக் கூடு கன்னத்துக்கு அருகே வெளியேறுவதால் இடத்தோளில் வைத்துச் சுட முடியாது. ஏஆர்-18 இல் சரியாக ஓடிய ஓர் அமைப்பை எடுத்து இந்த இறுக்கமான கூட்டுக்குள் வைக்கும்போது, முன்பு சொன்ன ஆற்றல் கணக்கை முதலிலிருந்து மீண்டும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பின்னாளில் மாற்றப்பட்ட உறுப்புகளைப் பார்த்தால், அந்தக் கணக்கு போதிய அளவு போடப்படவில்லை என்றே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

உற்பத்திச் சூழலும் துணைநிற்கவில்லை. என்ஃபீல்டு பல தலைமுறைகளாக எஃகுக் கட்டியைக் கடைந்து ரைபிள் செய்த இடம். தகட்டை அழுத்தி, புள்ளிப்பற்றுவைத்து உடல் செய்வது வேறொரு தொழில். அழுத்தும்போதும் பற்றவைக்கும்போதும் தகடு சிறிது கோணினாலும், அதனுள் ஓடும் கேரியருக்கு அது நிரந்தர உராய்வாகிவிடும். இதற்கிடையில் அரசுத் தொழிற்சாலைகள் தனியார்மயமாக்கப்பட்டு 1987 இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. என்ஃபீல்டு 1988 இல் மூடப்பட்டு, உற்பத்தி நாட்டிங்ஹாமுக்கு மாறியது. தன் தொழிற்சாலை மூடப்படப்போகிறது என்று தெரிந்த தொழிலாளர்கள் செய்த ஆயுதங்களோடுதான் ஓர் இராணுவம் தன் புதிய ரைபிளுக்குப் பழகத் தொடங்கியது. வடிவமைப்பு வரைபடத்தில் இந்த விவரம் எங்கும் இடம்பெறாது, நம்பகத்தன்மையில் இடம்பெறும்.

பழுதுகள், ஒவ்வொன்றாக

மிகவும் பேசப்பட்டது மேகசின் கழன்று விழுவது. மேகசினை விடுவிக்கும் பொத்தான் ரைபிளின் இடப்புறத்தில் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ரைபிளை மார்புக்குக் குறுக்கே தொங்கவிட்டு நடக்கும்போது உடலின் மீதோ இடுப்புப் பைகளின் மீதோ படுவதும் அந்தப் பக்கம்தான். நடையில் எங்கோ ஓரிடத்தில் பொத்தான் அழுந்த, தோட்டா நிறைந்த மேகசின் சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும். வீரருக்கு அது தெரியவருவது விசையை இழுக்கும் கணத்தில். தீர்வு என்று பார்த்தால் பொத்தானைச் சுற்றி எழுப்பிய ஒரு சிறு விளிம்பு மட்டுமே. பிஸ்டன் வகைகளை ஒப்பிடும் எந்த அட்டவணையிலும் இந்தப் பழுதுக்கு ஒரு கட்டம் கிடையாது.

இரண்டாவது, கேரியரைக் கையால் பின்னிழுக்க உதவும் இழுபிடி. எல்85 இல் இழுபிடி கேரியரோடு நேரடியாகப் பொருத்தப்பட்டு, வலப்புறத்தில் கேரியரோடு சேர்ந்தே முன்னும் பின்னும் ஓடுகிறது. வெற்றுக் கூடு வெளியேறும் வாயிலும் அதே வலப்புறத்தில்தான். எக்ஸ்ட்ராக்டர் பிடுங்கிய கூட்டை எஜெக்டர் எறியும் அந்தச் சிறு இடைவெளியில், உருளை வடிவமான ஏ1 இழுபிடியின் மீது கூடு மோதும். மோதியது எந்தக் கோணத்தில் என்பதைப் பொறுத்து, சிலவேளை வெளியே பறக்கும், சிலவேளை வந்த வாயிலுக்குள்ளேயே திரும்பிச் சென்று, முன்னால் வரும் போல்டுக்கும் அறைக்கும் நடுவே குறுக்கே சிக்கிக்கொள்ளும். கேரியரின் வேகம் வாயு அமைப்பின் நிலையைப் பொறுத்தும் அழுக்கைப் பொறுத்தும் மாறுவதால், சுத்தமான ரைபிளில் ஓரிடத்துக்குப் பறக்கும் கூடு, நூறு தோட்டாக்களுக்குப் பிறகு வேறிடத்துக்குப் பறக்கும். ஆய்வுக் கூடத்தில் தெரியாத பழுது களத்தில் தெரிவது இப்படித்தான். பின்னாளில் சீர்படுத்தப்பட்ட ஏ2 வடிவில் இந்த இழுபிடிக்குக் காற்புள்ளியைப் போல வளைந்த ஒரு வடிவம் கொடுக்கப்பட்டது. கூடு அதன் சரிவில் பட்டு ஒரே திசையில் வெளியே திருப்பப்படுகிறது. நூற்றுக்கணக்கான வரைபடங்களைக் கொண்ட ஓர் ஆயுதத்தில் ஒரேயோர் உலோகத் துண்டின் வளைவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சுடும் ஊசிகள் உடைந்தன. தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேகசினின் மேல் விளிம்புகளான உதடுகள் எளிதில் வளைந்து தோட்டாவைத் தவறான கோணத்தில் நீட்டின. மெல்லிய தகட்டு உடல் அடிபட்டு நசுங்கியது. கன்னம் படும் இடத்திலும் கைப்பிடியிலும் இருந்த பிளாஸ்டிக், இராணுவமே வழங்கிய பூச்சி விரட்டி மருந்து பட்டு இளகியது. காட்டில் போரிடப்போகும் வீரரின் கையில் பூச்சி விரட்டி இருக்கும் என்பது ஒரு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது யாருக்கும் தோன்றாமல் போனது வியப்புதான்.

வளைகுடாவும் அதற்குப் பிறகும்

1991 இல் ஈராக்குக்கு எதிரான போரில் மணலே இந்த ரைபிளின் தேர்வாளராக அமைந்தது. போருக்குப் பின் தயாரிக்கப்பட்ட உள் மதிப்பீட்டு அறிக்கை, மணற்பாங்கான சூழலில் எல்85 ரைபிளும் அதன் நீள்குழல் உடன்பிறப்பான எல்86 இலகு ஆதரவு ஆயுதமும் நம்பகமாக இயங்கவில்லை என்றும், காலாட்படையினருக்கு அவற்றின் மீது நம்பிக்கை குறைந்தது என்றும் பதிவு செய்தது. பாதுகாப்பு அமைச்சகம் முதலில் தற்காப்பாகவே பேசியது; அறிக்கை வெளியே கசிந்த பிறகு அது எளிதாக இருக்கவில்லை. நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு இந்த ஆயுதங்களின் நம்பகத்தன்மையையும் பாதுகாப்பையும் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

மணலைப் பொறுத்தவரை ஒரு பழைய பாடம் பிரிட்டனின் கையிலேயே இருந்தது என்பதுதான் இங்கே வேதனையான பகுதி. எஸ்.எல்.ஆர். ரைபிளும் குறுவீச்சுப் பிஸ்டனைக் கொண்டதே. பாலைவன மணலில் அது திணறக்கூடும் என்று கண்டறிந்தபோது, அதன் கேரியரின் பக்கங்களில் சாய்வான பள்ளங்கள் வெட்டப்பட்டன. உள்ளே வரும் மணல் அந்தப் பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ள, உராயும் பரப்பு இயங்கிக்கொண்டிருந்தது. வாயு அமைப்பில் கை வைக்காமல், மணலுக்குப் போக இடம் கொடுத்ததே அந்தத் தீர்வு. அதே இராணுவத்தின் அடுத்த ரைபிள் மணலில் தடுமாறியது.

சீர்படுத்தல் வேலை 2000 இல் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்துக்குச் சென்றது. அதிலும் ஒரு சுவையான திருப்பம் உண்டு: அந்த ஜெர்மானிய நிறுவனத்தை 1991 இல் வாங்கியிருந்தது, என்ஃபீல்டின் வாரிசான அதே பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் குழுமம்தான். ஏறத்தாழ 2,00,000 ஆயுதங்கள் கழற்றி மாற்றப்பட்டன. மாற்றப்பட்டவை எவை என்பதைக் கவனிக்க வேண்டும். போல்ட், எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர், சுடும் ஊசி, சுத்தி, மீள்ஸ்பிரிங், இழுபிடி, வாயு உருளையும் அதன் அடைப்பும், குழலின் பின்முனை உறுப்பு, மேகசின். இவற்றுள் சுத்தியின் மாற்றம் நுட்பமானது. தொடர்ச்சியாகச் சுடும்போது அது சற்றே தாமதித்து விழும்படி அமைக்கப்பட்டது. முன்னால் வந்து மோதிய கேரியர் துள்ளி அடங்குவதற்கு அந்தச் சிறு தாமதம் போதும். வாயுவில் இருந்த கணக்குப் பிழையின் விளைவை, வாயுவோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஓர் உறுப்பில் சரிசெய்த வேலை இது.

ஆனால் குறுவீச்சுப் பிஸ்டன் என்ற அடிப்படை மாறவில்லை. அதை நீள்வீச்சாக மாற்ற வேண்டும் என்று யாரும் முன்மொழியவும் இல்லை. அதே முறையோடு வெளிவந்த எல்85ஏ2, பிரிட்டனிலும் குவைத்தின் வெப்பத்திலும் புரூணையின் ஈரக்காட்டிலும் அலாஸ்காவின் குளிரிலும் சோதிக்கப்பட்டு, முந்தையதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு நம்பகமானது என்று ஏற்கப்பட்டது. 2002 இல் ஆப்கானிஸ்தானில் ராயல் மரீன் படை வீரர்கள் சிலர் ஏ2 மீதும் புகார் சொன்னார்கள். விசாரணை அதைப் பெரும்பாலும் துப்புரவு முறையோடு தொடர்புபடுத்தியது. வீரர் மீது பழியைப் போட்டு அமைச்சகம் தப்பித்துக்கொண்டது என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. முந்தைய பத்தாண்டு மறுப்புகளுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் எழுந்தது இயல்பே. எனினும் அதைத் தொடர்ந்து ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்திலும் நீண்ட காலம் சண்டையிட்ட படைகளிடமிருந்து 1991 போன்ற கூக்குரல் எழவில்லை.

நீள்வீச்சின் பக்கம்

இந்த இடத்தில் ஏகே ரைபிளை நினைக்காமல் இருக்க முடியாது. ஏகேயின் நற்பெயருக்குக் காரணம் நீள்வீச்சுப் பிஸ்டன் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு: கேரியரும் பிஸ்டனும் சேர்ந்து அரைக் கிலோ அளவுக்கு எடை கொண்டிருப்பதால், ஒருமுறை நகரத் தொடங்கிய பிறகு சிறு தடைகள் அதை நிறுத்துவதில்லை. ஆனால் அதே அளவுக்கு வேறு மூன்று காரணங்கள் உண்டு; அவை பிஸ்டனுக்குச் சம்பந்தமில்லாதவை. 7.62×39 மி.மீ. தோட்டாவின் கூடு தெளிவாகக் கூம்பிச் செல்வது; அறைக்குள் எளிதாக நுழையும், சற்றே பின்னிழுத்ததும் சுவரைவிட்டு விலகிவிடும். மேகசின் கனமான எஃகால் ஆனது. அதன் உதடுகள் வளைவதில்லை. கேரியர் பின்னால் செல்லும் தூரமும் தோட்டாவின் நீளத்தைவிடத் தாராளமாக அதிகம் என்பதால், மேகசின் ஸ்பிரிங்குக்கு அடுத்த தோட்டாவை உயர்த்த நேரம் கிடைக்கிறது. மறுபுறம், பாதுகாப்பு நெம்புகோலைக் கீழே இறக்கியதும் உடலின் பக்கத்தில் திறந்துகொள்ளும் நீண்ட பிளவு, கெட்டியான சேற்றுக்கு நேர்வழி. உள்ளே வந்த தூசியை ஏகே பொறுத்துக்கொள்ளும். தூசியோ சேறோ உள்ளே வராமல் தடுப்பதில் அது அவ்வளவு சிறந்ததல்ல.

நீள்வீச்சு மட்டுமே போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்து, இச்சாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளி தொழிற்சாலைகளில் தயாரான இன்சாஸ் ரைபிள், ஏகே வழிவந்த நீள்வீச்சுப் பிஸ்டனையும் சுழலும் போல்டையும் கொண்டது. ஃபால் ரைபிளைப் போல, பிஸ்டனுக்குச் செல்லும் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வாயு சீராக்கியும் அதில் உண்டு. 1999 கார்கில் போரில், பனிமலை உச்சிகளில் அதைப் பற்றி எழுந்த புகார்கள் எவை? குளிரில் விரிசல் விட்ட பிளாஸ்டிக் மேகசின்கள். சுடுபவரின் முகத்தில் தெறித்த எண்ணெய். மூன்று தோட்டாத் தொடரைக் கட்டுப்படுத்தும் பொறியில் கோளாறுகள். எல்85 இன் பழுதுப் பட்டியலோடு இதை ஒப்பிட்டால், பிஸ்டன் வகை வேறாக இருந்தும் இரண்டும் உறவுக்காரர்கள் போலத் தெரிகின்றன. மேகசின், சிறு பொறி, பொருளின் தேர்வு. இன்சாஸ் செய்த அதே திருச்சித் தொழிற்சாலை பின்னாளில் ஏகே பாணியில் 7.62×39 மி.மீ. தோட்டாவுக்கான ‘திருச்சி அசால்ட் ரைபிள்’ ஒன்றையும் செய்துவருகிறது என்பதை இங்கே குறிப்பிடலாம்.

எண்கள் சொல்வது

பிஸ்டன் ஆதரவாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவது, 2007 இறுதியில் அமெரிக்க இராணுவம் அபர்டீன் சோதனைக் களத்தில் நடத்திய தூசிச் சோதனையை. நான்கு வகைகளில் வகைக்குப் பத்து ரைபிள்கள், ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள், ஆக வகைக்கு 60,000. தனிப் பிஸ்டன் இல்லாத எம்4 கார்பைன் 882 முறை நின்றது. குறுவீச்சுப் பிஸ்டன் கொண்ட மற்ற மூன்றில் எச்கே416 233 முறையும், எஃப்.என். ஸ்கார் 226 முறையும், ஜி36 இலிருந்து உருவான எக்ஸ்எம்8 127 முறையும் நின்றன. பிஸ்டன் வென்றது என்று இதைப் படிப்பது எளிது, பெருமளவு சரியும்கூட.

ஆனால் அந்த எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எம்4 இன் 882 இல் 239 மேகசினால் நேர்ந்தவை. எக்ஸ்எம்8 இல் மேகசினால் நேர்ந்தவை 11, எச்கே416 இல் 14, ஸ்காரில் 16 மட்டுமே. அதாவது வித்தியாசத்தில் கால் பங்குக்கும் மேல், எந்த வாயு முறையோடும் தொடர்பில்லாத ஒரு தகட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அதே ஆண்டின் கோடையில் நடந்த முந்தைய சோதனையில் இதே எம்4 நின்றது 307 முறை. மூன்று மாதத்தில் ஒரு ரைபிளின் வாயு அமைப்பு மூன்று மடங்கு மோசமாகிவிடாது. சோதனைக்கு எடுத்த துப்பாக்கிகள், பருவம், தூசி, எண்ணெயிடும் முறை என எது மாறினாலும் எண் மாறும் என்றால், 226 க்கும் 233 க்கும் இடையிலான ஏழை வைத்து எச்கே416 ஐவிட ஸ்கார் சிறந்தது என்று வாதிடுவது வீண்வேலை. 127 க்கும் 882 க்கும் இடையிலான தூரத்தை மட்டும் எந்தச் சாக்கும் மறைக்க முடியாது.

எக்ஸ்எம்8 இன் மூலமான ஜி36 இன் பின்கதையும் இந்த ஆய்வுக்குப் பொருந்தும். தூசியில் இவ்வளவு சிறப்பாக இயங்கிய குடும்பம் அது. ஆப்கானிஸ்தான் அனுபவங்களுக்குப் பிறகு, தொடர்ந்து சுட்டுச் சூடேறியதும் குண்டு குறியிலிருந்து விலகுகிறது என்று ஜெர்மானியப் பாதுகாப்பு அமைச்சகம் குற்றஞ்சாட்டியது. அந்த ரைபிளுக்கு அதன் அப்போதைய வடிவில் எதிர்காலம் இல்லை என்று 2015 இல் அறிவித்தது. இழப்பீடு தொடர்பான வழக்கில் 2016 இல் கோப்லென்ஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் பொறி அந்தச் சர்ச்சையில் கேள்விக்குள்ளாகவே இல்லை. பேசப்பட்டதெல்லாம் குழலும், அதைத் தாங்கும் பாலிமர் உடலும், வெப்பமும்தான். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்து, நம்பகமான ரைபிள் என்ற பட்டம் ஓர் ஆயுதத்துக்குக் கிடைக்கவும் செய்யும், பறிபோகவும் செய்யும்.

எல்85 இன் கதை இன்னும் முடியவில்லை. 2018 முதல் படைகளுக்கு வந்த எல்85ஏ3 இல் முன்கைப்பிடியும் மேலுடலும் புதியன. உள்ளே அதே குறுவீச்சுப் பிஸ்டன். இதற்கிடையில் பிரிட்டனின் சிறப்புப் படைகள் எல்85 பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவை தேர்ந்தது, கனடாவின் டிமாக்கோ நிறுவனம் செய்த சி8 வகையான எல்119ஏ1. 2023 இல் இராணுவச் சிறப்பு நடவடிக்கைப் பிரிவுக்கென ஒப்பந்தமான எல்403ஏ1, அமெரிக்காவின் நைட்ஸ் ஆர்மமென்ட் செய்யும் கேஎஸ்-1. இரண்டுமே எம்16 வழிவந்தவை. வாயுவைக் குழாய் வழியே நேரடியாகக் கேரியருக்குள் செலுத்துபவை. இரண்டிலும் தனிப் பிஸ்டன் கிடையாது.